முன்கண்ணாடியில் வைத்த பொட்டு

இதை எழுதுவதா விடுவதா என்று ஐந்து வருடமாக இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு தரம் கொப்பியை எடுத்து முதல் வரி எழுதி, மூடி வைத்துவிட்டேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் என்னுடைய பிழை இருக்கிறது. அந்தப் பிழை எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நடந்தது. எப்படி எழுதினாலும் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் என்னோடு சேர்த்துச் சாமியையும் குறை சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

என் வேலை கண்ணாடி துடைப்பது. அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில் பைனோகுலர் கழற்றிப் பூட்டப் பழகினேன். பிறகு வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு இருந்துவிட்டேன். வள்ளக்காரர்களின் பைனோகுலர், கலியாணப் படம் எடுப்பவர்களின் கமெரா லென்ஸ், இவைதான் என்னிடம் வரும். எங்கள் ஊரின் கடற்காற்று கண்ணாடிக்கு எதிரி. மாரி தொடங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக வேர் ஓடியிருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பேன். விடிய எழும்பி, கோணேசப் பெருமானை நினைத்துத் திருநீறு பூசாமல் ஒரு திருகாணியும் கழற்றியதில்லை.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு நாலைந்து நாள் இருக்கையில் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை வந்தாள். பிள்ளை என்கிறேன், முப்பது வயதிருக்கும், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கணவன் ஓட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் ஒரு பழைய துவாயை விரித்து அதற்குள்ளிருந்து ஒரு லென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்பு உலோகம், நல்ல பாரம், உள்ளங்கைக்குள் அடங்கும்.

"அண்ணன், இது யப்பான் சாமான். என்ட வயசைவிடக் கூட இதுக்கு. உள்ளுக்குப் பூஞ்சணம், இலையில எண்ணெய். பத்து நாளையில வேணும், ஏலுமா?"

இலை என்று அவள் சொன்னது லென்ஸின் நடுவில் விரிந்து சுருங்கும் மெல்லிய தகடுகளை. எண்ணெய் ஊறினால் அவை ஒட்டிக்கொள்ளும். அவள் சொன்ன இரண்டு குறையும் சரியாக இருந்தன. தன் சாமானைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் என்னிடம் வருவது குறைவு.

"ஏலும் தங்கச்சி. ஆனா ஏன் இந்தக் கிழட்டுச் சாமானோட மாரடிக்கிறீங்கள்? இப்ப புதுசு புதுசா வருகுதே."

"புதுசுக்கு நான் எங்க போக? கமெராவே என்ட கூடப்பொறந்த நானா கட்டார்ல இருந்து பாவிச்சதக் குடுத்தனுப்பினது. அதோட வந்த லென்ஸ் வெளிச்சம் காணாத இடத்தில சரிவராது. இது அறைக்குள்ள நிண்டே முழு ஆக்களையும் எடுக்கும், குறைஞ்ச வெளிச்சத்திலயும் எடுக்கும். ஒரு வளையம் போட்டு கமெராவில பூட்டுவன். கையாலதான் திருப்பித் திருப்பித் தெளிவாக்கணும். எனக்கு அதில ஒரு கரச்சலும் இல்ல."

அவளுடைய கணவன் வாசலில் நின்றபடி சொன்னான்: "லென்ஸைப் பத்திக் கேட்டிராதீங்க ஐயா. விடிஞ்சா பொழுதுபட்டா எனக்கும் இதே கதைதான்."

அவள் சிரிக்கவில்லை. என்ன அவசரம் என்று கேட்டபோதுதான் சொன்னாள். அவர்களுடைய கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் போய்ப் படம் எடுப்பதில்லை. யாராவது சொந்தக்காரப் பிள்ளை கைப்போனால் எடுப்பாள், அவ்வளவுதான். இவள் இரண்டு வருடமாகத் தானே பழகி, முதல் தடவையாக ஒரு முழுக் கலியாணத்தைப் பொறுப்பெடுத்திருந்தாள். மணமகள் அவளுடைய மாமியாரின் பக்கத்துச் சொந்தம். மாமியார் சொல்லிவிட்டாராம்: இந்த ஒரு கலியாணம் சரிவந்தால் செய், சபையில் வெட்கம் வந்தால் கமெராவைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடு என்று.

"மாமி கெட்டவங்க இல்ல அண்ணன். பயப்படுறாங்க. நாலு பேர் கதைச்சிருவாங்க எண்டு."

நான் லென்ஸை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொன்னேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

ஆயுத பூசைக்கு முதல் நாளே துடைத்துப் பூட்டி முடித்துவிட்டேன். இலைகள் பட்டுப்போல் விரிந்தன. பூசையன்று வழக்கம்போலப் பலகையில் வாழையிலை போட்டு, என்னுடைய திருகாணிச் சாவிகள், இடுக்கி, ஊதுகுழல், மனைவியின் தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். இரண்டு வள்ளக்காரரின் பைனோகுலரும் அந்த வரிசையில் இருந்தன. அப்போது எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. முதல் வேலை, மாமியாரின் சொல், பத்து நாள். லாச்சியைத் திறந்து அவளுடைய லென்ஸையும் எடுத்து வைத்தேன். அதன் பின்பக்கம் நுட்பமானது என்பதால், பின்மூடியைப் போட்டு, முகம் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தேன். முன்மூடியை அவள் கொண்டுவரவில்லை.

என் மனைவி சந்தனக் கல்லில் அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து வந்தாள். நான் கர்ப்பூரத் தட்டோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கிண்ணியாப் பிள்ளையின்ர சாமானுக்கும் வைக்கட்டோ? அவையள் எங்கட ஆக்கள் இல்லையே."

"வை, வை. நல்ல மனசோட வைக்கிறதுக்கு என்ன? அந்தப் பிள்ளை நல்லா வரட்டும்."

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

பூசையில் வைத்ததை அடுத்த நாள் விஜயதசமி காலைவரைக்கும் தொடமாட்டோம். அது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். ஆகவே அந்தச் சந்தனம் கண்ணாடியின் நடுவிலே ஒரு பகலும் ஓர் இரவும் இருந்து காய்ந்தது. அதன் நடுவில் குங்குமம்.

காலையில் குளித்துவிட்டு வந்துதான் பார்த்தேன். பைனோகுலருக்கெல்லாம் உடம்பில் வைத்திருந்தாள். லென்ஸுக்கு மட்டும், நெற்றிபோல வட்டமாகத் தெரிந்ததாலோ என்னவோ, கண்ணாடியிலேயே வைத்துவிட்டாள். அவள் அறியமாட்டாள். அறிந்தவன் நான்தான், நான் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருக்கலாம். ஈரம் போட்டு ஊறவைத்து, தானாக இளகவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் சொல்லும் முறையும் அதுதான். ஆனால் மனைவி குசினியிலிருந்து வருவதற்குள் அழித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நனைந்த துண்டால் தேய்த்துவிட்டேன். சந்தனக் கல்லின் பொடி சந்தனத்தில் கலந்திருக்கும். அது மணல்போலக் கண்ணாடியைக் கீறியது. துடைத்து முடித்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். பொட்டு இருந்த இடத்தில், தேங்காய்த் தும்பால் தேய்த்த சட்டியின் அடிபோல வட்டமாக நூறு கோடு. கண்ணாடிக்கு மேலே பூசியிருந்த ஊதா நிறப் பூச்சு அந்த இடத்தில் போய்விட்டது.

எங்காவது ஓரத்தில் ஒரு கோடு என்றால் படத்தில் தெரியாது. இது நடு. கலியாண வீட்டில் மணமகளுக்குப் பின்னால் மின்குமிழ்களைத் தொங்கவிடுவார்கள். அந்த வெளிச்சம் இந்தக் கோடுகளில் பட்டால், முகத்துக்கு முன்னால் பால் ஊற்றியதுபோலப் புகை மூடும்.

மனைவி வந்து பார்த்தாள். "நான்தானே வைச்சனான்" என்றாள்.

"நீ வைச்சது பொட்டு. தேய்ச்சது நான்."

அந்தப் பிள்ளைக்கு உடனே போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இதேபோல ஒரு லென்ஸைத் தேடிப் பிடித்து, அதன் முன்கண்ணாடியைக் கழற்றி இதில் பூட்டிவிட்டால் அவளுக்குத் தெரியவே தேவையில்லை என்று நினைத்தேன். சாமியிடமும் அப்படித்தான் கேட்டேன். நான் பொய் சொல்லாமல் இருக்க வழிவிடு என்று கேட்கவில்லை. எனக்கு அகப்படாமல் தப்ப வழிவிடு என்று கேட்டேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

லென்ஸின் முன்வளையத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன். பட்டினத்தில் உள்ள ஸ்டூடியோக்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒருவர் அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். ஒருவர் பழைய பெட்டி ஒன்றைக் கொட்டிக் காட்டினார். அதில் நாலைந்து லென்ஸ் கிடந்தது, ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை. மூன்று நாள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கிராமமான சல்லிக்குப் போனேன். அங்கே இரண்டு வள்ளம் வைத்திருக்கும் ஒருவருக்கு நான் பைனோகுலர் திருத்திக் கொடுத்த பழக்கம். அவருடைய வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு கமெரா இருப்பது எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் சிங்கி இறாலுக்கு மாற்றாகக் கொடுத்தது. அவர் ஒரு நாளும் அதில் படம் எடுத்ததில்லை. பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் அழகுக்கு நின்றது.

"என்ன அண்ணை, ஞாயிற்றுக்கிழமை காலமை? என்ர பைனோகுலரைத் திருப்பித் தந்தாச்சே, இன்னும் என்ன களவெடுக்க வந்தனீங்கள்?" என்றார்.

"உங்கட கமெராவை ஒருக்கா பாக்கட்டோ?"

எடுத்துத் தந்தார். கமெரா உப்பேறிப் போயிருந்தது. லென்ஸ் நல்ல நிலையில் இருந்தது. கறுப்பு உலோகம், அதே பாரம். திருப்பி முன்வளையத்தைப் பார்த்தேன். பெயர் வேறு. முற்றிலும் வேறு பெயர்.

"சரிவராது," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பீங்கானுக்கு நடுவிலே பழையபடி வைத்தார். நான் வரும் வழியில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை போன் எடுத்தாள்.

"அண்ணன், முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தங்கச்சி... அந்த எண்ணெய் துடைச்ச இடம் இன்னும் வடிவாக் காயேல்ல. ரெண்டு நாள் பொறுங்கோ."

போனை வைத்த பிறகு என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வர்ணிக்க மாட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், கறி போட்டாள், குசினிக்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டோ வந்து நின்றது. இரண்டு நாள் பொறுக்க அவளால் முடியவில்லை. கணவனும் இறங்கி வந்தான். அவள் கதிரையில் இருந்து கையை நீட்டினாள்.

"காஞ்சது வரைக்கும் போதும் அண்ணன். நான் பார்த்துக்கொள்றன். வெள்ளிக்கிழமை கலியாணம். புதன், வியாழன் வீட்டில எடுத்துப் பழகணும்."

லாச்சியைத் திறந்தேன். எடுத்து அவள் கையில் வைக்கும்போது, இன்னொரு பொய் வாய்வரைக்கும் வந்து நின்றது. அது என்ன பொய் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. அதைச் சொல்லாமல், பூசையில் வைத்தது, பொட்டு, தேய்த்தது, தேடியது, நேற்றுச் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுடைய கணவன்தான் வாய் திறந்தான். "ஐயா, எங்கட சாமான்ல பொட்டு வெச்சீங்களா? ஆரைக் கேட்டு வெச்சீங்க?"

அவன் கேட்டது நியாயம். குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்த மனைவி அதை மேசையில் வைத்தாள்.

"வைச்சது நான், தம்பி. இவர் இல்லை. ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. அந்தப் பிள்ளை நல்லா வரட்டும் எண்டுதான் வைச்சனான். கேட்டிருக்க வேணும். கேக்கேல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்களை ஏசல்ல அம்மா" என்று மெதுவாகச் சொன்னான்.

அந்தப் பிள்ளை லென்ஸை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"மாமிக்கிட்ட என்னெண்டு சொல்ல..." என்றாள். லென்ஸை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணன், பொட்டு வெச்சது எனக்குக் கோவமில்ல. கேட்டிருந்தா வேணாமெண்டு சொல்லியிருப்பன், அவ்வளவுதான். ஆனா காயல்ல எண்டு சொன்னீங்களே. கீறின அண்டைக்கே சொல்லியிருந்தா எனக்கு அஞ்சு நாள் மிச்சம் இருந்திருக்கும்."

கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நாட்களைக் கணக்குப் பார்த்துச் சொன்னது எனக்குக் குத்தியது.

"தேடினன் தங்கச்சி. பட்டினம் முழுக்கத் தேடினன். இந்தப் பேரில ஒண்டும் இல்லை."

அவள் முகத்தைத் துடைத்தாள். "பேரைப் பார்த்தா தேடினீங்க?"

"வேற எதைப் பாக்கிறது?"

அப்போதுதான் அவள் கைப்போனை எடுத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்த லென்ஸைச் செய்த யப்பான் தொழிற்சாலை வெகு காலமாகத் தன் பெயரில் ஒன்றும் விற்றதில்லையாம். வெளிநாட்டு வியாபாரிகள் கேட்பார்கள், செய்து கொடுக்கும், அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்பார்கள். கடைசியில்தான் சொந்தப் பெயரிலும் விற்றது. பிறகு கமெரா லென்ஸ் செய்வதையே விட்டுவிட்டது. ஒரே அச்சில், ஒரே கண்ணாடியில் செய்த சாமான், மூன்று நாலு பெயரில் உலகமெல்லாம் கிடக்கிறது. அவளுடையது சொந்தப் பெயரில் வந்தது.

"என்னோடது இருபத்தெட்டு மில்லிமீற்றர். வியாபாரிப் பேரிலயும் இதே இருபத்தெட்டு வந்திருக்கு. ஆனா கவனம் அண்ணன், அந்தப் பேரில வந்ததெல்லாம் இந்த பக்டறி இல்ல. அந்த வியாபாரி நாலைஞ்சு பக்டறியில செய்விச்சவன். முன்வளையத்தில நீளமா ஒரு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு எண்ணைப் பார்த்தாத்தான் ஆர் செஞ்சதெண்டு தெரியும்."

அவள் கைப்போனில் ஒரு படம் காட்டினாள். கறுப்பு லென்ஸ், முன்வளையத்தில் வெள்ளை எழுத்தில் வியாபாரியின் பெயர்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் கையில் இருந்த பெயர் அது. அதே பாரம் என்று கை சொன்னது; பெயர் வேறென்று கண் சொன்னது. கண்ணை நம்பித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"சல்லியில இருக்கு," என்றேன். "பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில."

நாலு பேரும் ஓட்டோவில் ஏறினோம். என் மனைவியும் வந்தாள். தானும் வரவேண்டும் என்று அவள் ஒரு இடத்துக்குப் புறப்பட்டது அபூர்வம். வழியில் அவளுடைய கணவன் ஒரு தரம், "ஐயா, முதல் ரெண்டு எண் பிழைச்சா?" என்றான். "வாயைக் கழுவுங்க," என்றாள் அந்தப் பிள்ளை.

சல்லிக்காரர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலு பேர் இறங்கியதைப் பார்த்து எழும்பினார். "என்ன அண்ணை, அண்டைக்குத் தனிய வந்து பாத்தனீங்கள், இண்டைக்குப் படையோட வந்திருக்கிறியள்?"

நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஒரு தரம் சொன்ன பிறகு இரண்டாம் தரம் சொல்வது அவ்வளவு கடினமில்லை. அவர் அலுமாரியைத் திறந்து கமெராவை அந்தப் பிள்ளையிடம் நேரே நீட்டினார். அவள் முந்தானைத் துணியால் வளையத்தைத் துடைத்து, முற்றத்து வெயிலில் பிடித்து இலக்கத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவள் கணவன் எட்டிப் பார்த்தான். என் மனைவி கும்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதேதான்," என்றாள்.

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. படியில் இருந்துவிட்டேன்.

"கழற்றினாப் பிறகு உங்கட லென்ஸுக்குக் கீறின கண்ணாடிதான் வரும்," என்று அந்தப் பிள்ளை அவரிடம் சொன்னாள். "யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு மனஸ்தாபம் வேணாம்."

"என்னத்தை யோசிக்கிறது பிள்ளை? அலுமாரிக்குள்ள நிக்கிற சாமானுக்கு முகத்தில கீறல் இருந்தா ஆருக்குத் தெரியும்? இவ்வளவு காலத்தில என்ர மனுசியையே அது ஒரு படம் எடுத்ததில்லை."

"நான் எடுத்துத் தாறன்," என்றாள் அவள். "கலியாணம் முடிய வந்து, உங்க வீட்டில எல்லாரையும் எடுத்துத் தாறன்."

"அப்ப நான் சவரம் எடுக்க வேணும்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மேசையில் இரண்டு லென்ஸையும் பக்கத்தில் வைத்தேன். பெயர் எழுதிய வளையங்களைக் கழற்றினேன். சேலைன் போத்தல் மூடிபோன்ற ஒரு ரப்பர் மூடியை அதற்காகவே வைத்திருக்கிறேன்; அழுத்தித் திருப்பினால் வளையம் கீறுப்படாமல் கழன்று வரும். பெயர்கள் இரண்டும் ஒரு பக்கமாகப் போனதும், எது அவளுடையது எது சல்லிக்காரருடையது என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. திருகாணிகூட ஒரே இடத்தில் இருந்தது. சல்லியிலிருந்து வந்த கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். அதே ஊதா, ஓரத்தில் அதே பச்சை.

திருகாணிச் சாவி இரண்டு தரம் வழுக்கியது. அந்தப் பிள்ளை கண்டுவிட்டாள். லென்ஸின் உடம்பை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி இருந்த நிலையைப் பென்சிலால் குறித்து, எடுத்து, மாற்றி வைத்து, பூட்டினேன். அவள் மூச்சு என் விரலில் படுமளவுக்கு அருகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டியதும் கமெராவில் பொருத்தி எழுந்து நின்றாள். என் மனைவியைக் குசினி வாசலில், வெளி வெளிச்சம் முதுகில் படும்படி நிற்கச் சொன்னாள். புகை இருந்தால் அங்கேதான் தெரியும். கையால் மெல்லத் திருப்பித் தெளிவாக்கி ஒரு படம் எடுத்தாள். எல்லோரும் பின்பக்கத் திரையைச் சூழ்ந்துகொண்டோம்.

என் மனைவியின் முகமும் தலையில் ஒவ்வொரு நரைமயிரும் மறைபடாமல் தெரிந்தன. நெற்றியில் பொட்டு, காதுக்குப் பின்னால் வெயில். பால் ஊற்றியதுபோல ஒன்றும் இல்லை.

"ஐயோ, நான் இவ்வளவு கிழவியே?" என்றாள் மனைவி.

அன்றைக்கு அந்த முன்னறையில் முதல் தரமாக எல்லோரும் சிரித்தோம். ஆறிப்போன தேத்தண்ணியை அந்த ஓட்டோக்காரத் தம்பி எடுத்துக் குடித்தான். சூடாக்கித் தருகிறேன் என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை.

கலியாணத்துக்கு அடுத்த நாள் அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். "அண்ணன், மாமி எல்லாப் படத்தையும் பார்த்தாங்க. ஒண்டும் சொல்லல்ல. பிறகு, அவங்கட தங்கச்சி மகள்ட கலியாணத்துக்கு நான் இப்பவே நாள் ஒதுக்கி வைக்கணுமாம்."

போனை மனைவியிடம் கொடுத்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

இது நடந்த விதம் இதுதான். ஆனால் சில மாதத்துக்குள் ஊரில் வேறு கதைகள் ஓடத் தொடங்கிவிட்டன. சல்லியில் ஒருவர் என்னிடமே சொன்னார்: அம்மன் அருளால் கீறல் தானாக ஆறி, காலையில் பார்க்கும்போது கண்ணாடி புதிதாக இருந்ததாம். துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்ட கதை வேறு: நான் வேண்டுமென்றே பொட்டு வைத்ததாகவும், கிண்ணியாக்காரர் பத்துப் பேர் வந்து என் மேசையைப் புரட்டியதாகவும். கிண்ணியாவிலும் ஒரு கதை இருந்ததாம்; அதில் அந்தப் பிள்ளை என் முகத்தில் லென்ஸை எறிந்துவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு கதையிலும் சொல்பவரின் பக்கம் உயர்ந்து நிற்கிறது. நான் ஒவ்வொரு தரமும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். பேசினால் என் பொய்யையும் சொல்ல வேண்டி வருமே என்றுதான்.

போன மாதம் அந்தப் பிள்ளை வந்திருந்தாள். இப்போது அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் படம் எடுக்கிறார்கள். புது லென்ஸும் வாங்கிவிட்டாள். பழையதைத் துடைக்கக் கொண்டுவந்தாள். இந்தக் கதைகளை அவளும் கேட்டிருக்கிறாள்.

"நீங்க எழுதுங்க அண்ணன்," என்றாள். "நடந்தத நடந்தபடி. நான் அழுததையும் எழுதுங்க. எங்கட அவர் கோவத்தில கேட்டதையும் எழுதுங்க."

"என்ர பொய்யை?"

"அதை எழுதாட்டி இது என்ன கதை?"

எழுதிவிட்டேன். நான் பக்தியுள்ளவன், சாமியின் அற்புதத்தை நம்புகிறவன். ஆனால் அன்றைக்குக் கண்ணாடி தானாக ஆறவில்லை. ஆறியிருந்தால் நான் உண்மை சொல்ல வேண்டியே வந்திருக்காது, சல்லியில் கையில் வைத்திருந்ததை இன்றுவரைக்கும் என்னவென்று அறிந்திருக்கவும் மாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் வாயைத் திறக்க வைத்தது யார் என்று கேட்டால், அதற்கு மட்டும் நான் மேலே கையைக் காட்டுவேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்காவது சொல்வதென்றால், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். கீறலை ஆற்றிவிட வேண்டாம். மேசையைப் புரட்ட வேண்டாம். எங்கள் நாலு பேரில் ஒருவரையும் இருந்ததைவிட நல்லவராகவோ கெட்டவராகவோ ஆக்க வேண்டாம். பொட்டு வைத்ததும், கேட்காமல் வைத்ததும், நான் பொய் சொன்னதும், அவள் அழுததும், பிறகு ஒரே ஓட்டோவில் நாங்கள் சல்லிக்குப் போனதும், எல்லாம் அந்த வரிசையிலேயே இருக்கட்டும்.